வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தஞ்சாவூர் எப்படி? போய்வந்த கதையும் மார்க்கும்

எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போவதில்லை, படிப்பெல்லாம் வீட்டில்தான். பெரியவளுக்கு 11 வயது, சின்னவனுக்கு 8. கணக்கு சரி, வரலாற்றுக்கு என்ன செய்கிறீர்கள் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், அதனால் போன மாதம் பெரிய கோயிலுக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் போய்வந்ததை எழுதுகிறேன். கோயிலுக்கு மார்க் போட நீ யார் என்று சண்டைக்கு வராதீர்கள், மார்க் வகுப்புக்குத்தான், சாமிக்கு இல்லை.

முதலில் புத்தகம். பெரிய கோயில் கல்வெட்டுகளை ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் பதிப்பித்தார், தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி, இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. பிள்ளைகள் கையில் முழுசாகக் கொடுத்தால் ஓடிவிடுவார்கள். நான் சில பக்கங்களை மட்டும் பிரிண்ட் எடுத்து, இரண்டு வாரம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் கதை மாதிரி வாசித்தேன். அவர்களுக்கு அதில் ரொம்பப் பிடித்தது, 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதே குழம்பிக் கிடந்ததுதான். கரிகாலன் என்றார்கள், காடுவெட்டிச் சோழன் என்றார்கள், பதிலோ சுவரிலேயே இருந்தது. 1886இல் ஹுல்ஷ் அதைப் படித்து ராஜராஜன் என்று சொன்னார். "அதுவரைக்கும் யாருமே சுவரைப் பார்க்கலையா?" என்று சின்னவன் கேட்டான்.

கோயில் வாசலில் ஒரு கைடைப் பிடித்தோம், அது தப்பு. விமானத்தின், அதாவது கருவறைக்கு மேலே நிற்கும் கோபுரத்தின், நிழல் தரையில் விழாது என்று ஆரம்பித்தார், அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் மகன் அந்த நிழலில் போய் நின்றுகொண்டான், வெயிலுக்கு வேறு எங்கே போவான். உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்றார், அது பல கற்களைச் சேர்த்து வைத்தது. இப்போது இருக்கும் பெரிய நந்தியும் ராஜராஜன் வைத்தது என்றார், அது நாயக்கர் காலத்தது. மனுஷர் நல்லவர், பிள்ளைகளுக்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார், அதற்காக அவர் சொன்னதை எல்லாம் நோட்டில் எழுத முடியுமா? அரை மணி நேரத்தில் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு நாங்களே சுற்றினோம்.

அப்புறம்தான் உண்மையான வகுப்பு. நாம் கொடுத்தது, நம் அக்கன் கொடுத்தது, நம் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டுங்கள் என்று ராஜராஜன் சொன்ன உத்தரவு விமானத்தின் சுவரில் இருக்கிறது. அக்கன் என்றால் குந்தவை. தனக்கு அடுத்ததாக ஒரு ராஜா அக்காவைத்தான் சொல்கிறார் என்பதில் என் மகளுக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது, தம்பியை அன்றைக்கு முழுக்க அதை வைத்தே மிரட்டினாள். அந்தச் சொல்லைத் தானே கண்டுபிடிப்பேன் என்று இறங்கினாள். கல்வெட்டில் புள்ளி வைக்க மாட்டார்கள், அதனால் அக்கன் என்பது "அககன" என்றுதான் இருக்கும். நடுவில் சமஸ்கிருதச் சொற்களுக்கான கிரந்த எழுத்து வேறு வந்து கழுத்தை அறுக்கும். க, ட, ப, ம எல்லாம் சுலபமாகப் பிடிபடுகிறது. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி, 40 நிமிஷம் ஆயிற்று, கண்டுபிடித்துவிட்டாள். சின்னவனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கலசத்துக்குச் செப்புக்குடம் கொடுத்தது 25ஆம் ஆட்சியாண்டு 275ஆம் நாள் என்று இருப்பதைச் சொன்னேன், ராஜராஜன் பட்டத்துக்கு வந்த 985ஓடு 25ஐக் கூட்டி 1010 என்று கத்தினான், அவனுக்கு அது போதும்.

தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணிக்கென்று குடிவைத்த ஆடல் பெண்கள், 400 பேரின் கல்வெட்டைச் சுவரில் தேட நேரமில்லை, லாட்ஜில் உட்கார்ந்து பிரிண்டில் படித்தோம். எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் எந்தப் பக்க வரிசை), எத்தனையாவது வீடு, பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எல்லாம் இருக்கிறது. நக்கன் எடுத்தபாதம் என்று ஒரு பெயர். சார்ட் பேப்பரில் தெருவை வரைந்து வீடுகளில் பெயர் எழுதினார்கள், ராத்திரி பத்து மணி தாண்டிவிட்டது. இவர்களை ஏன் வேறு ஊர்களிலிருந்து கொண்டுவந்தார்கள், வர அவர்களுக்கு இஷ்டமா என்று மகள் கேட்டாள். என்னிடம் நல்ல பதில் இல்லை, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மறுநாள் கும்பகோணம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம். அணைக்கரைப் பாலத்தில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னேன். கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் கீழணை கட்டியபோது, நாங்கள் பார்க்கப் போகும் கோயிலின், ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் கட்டியதன், மதிலையும் கோபுரத்தையும் உடைத்துத்தான் கல் எடுத்தார்கள். கோயிலுக்குப் போகும் முன்பே கோயிலின் மேல் போகிறோமா என்று மகன் ஜன்னலில் தொங்கிக்கொண்டு வந்தான். அங்கே கூட்டம் குறைவு, புல்வெளி, சண்டிகேசருக்குச் சிவன் மாலை சூட்டும் சிற்பத்தின் முன் எவ்வளவு நேரமும் நிற்கலாம். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குத் தஞ்சாவூரை விட இதுதான் தோது என்பேன்.

தஞ்சாவூருக்கு ஐந்துக்கு நான்கு, சோழபுரத்துக்கு நாலரை. கழிந்த மார்க் கல் சூட்டுக்கு. செருப்பைக் கழற்றிவிட்டுப் பதினொரு மணிக்கு மேல் அந்த முற்றத்தில் நடந்து பாருங்கள். காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள், பிள்ளைகளுக்குக் கனமான சாக்ஸ், பையில் ஒரு டார்ச். சுவரில் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் அடித்தால் எழுத்து எழும்பித் தெரியும், எங்களுக்கு அது இரண்டாம் நாள்தான் தெரிந்தது.