கூகர்: படைத் தளவாடங்களைத் திட்டமிடும் மென்முகவர் கட்டகம் – ஒரு மதிப்பீடு

1991 வளைகுடாப் போருக்காக அமெரிக்கப் படை அனுப்பிய ஏறத்தாழ 40,000 கொள்கலன்களில் பாதிக்கு மேற்பட்டவற்றை, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல், திறந்து பார்த்துக் கணக்கெடுத்து மீண்டும் மூட வேண்டியிருந்தது. இத்தகைய குழப்பத்தை மென்பொருள் முகவர்களைக் கொண்டு, அதாவது தத்தம் பொறுப்பைத் தாமே கவனித்து ஒன்றோடொன்று ஒத்துழைக்கும் நிரல்களைக் கொண்டு, தீர்க்க முடியுமா என்று பார்க்க, அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான டார்ப்பா 1996இல் ஒரு தளவாடத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் பிபிஎன் நிறுவனத்தின் முதன்மைப் பங்களிப்புடன் ஜாவா மொழியில் உருவாகி, பின்னர் திறந்த மூலமாக வெளியிடப்பட்ட கட்டகமே கூகர்.

இதன் சிறப்பு, படையின் அதிகாரப் படிநிலையை அப்படியே மென்பொருளுக்குள் கொண்டுவந்ததில் இருக்கிறது. ஒவ்வொரு பட்டாலியனுக்கும், அதற்கு எரிபொருளும் வெடிபொருளும் வழங்கும் உதவிப் பிரிவுக்கும், சரக்கேற்றும் போக்குவரத்துப் பிரிவுக்கும் தனித்தனி முகவர் உண்டு. பணி மேலிருந்து கீழே இறங்குகிறது. ஒரு முகவர் அதைச் சிறு பணிகளாக விரிக்கிறது, அல்லது பலவற்றை ஒன்றாகத் திரட்டுகிறது, அல்லது வேறொரு முகவருக்கு ஒதுக்குகிறது. முகவருக்குள் இயங்கும் செருகிகள் (தனித்தனி வேலைகளுக்கான சிறு நிரல்கள்) ஒன்றையொன்று நேரடியாக அழைப்பதில்லை; கரும்பலகை எனப்படும் ஒரு பொதுத் தரவுப் பரப்பில் எழுதுகின்றன, தமக்கு வேண்டியதை அங்கிருந்தே எடுத்துக்கொள்கின்றன. முகவர்களுக்கிடையே செல்லும் செய்திகளை மையமாகக் கொண்ட ஜேட் போன்ற கட்டகங்களோடு பழகியவர்களுக்கு இது முதலில் சுற்றிவளைப்பாகத் தோன்றும். ஆனால் ஒரு கப்பல் தாமதமானால், திட்டம் முழுவதையும் கலைக்காமல் அந்தத் தாமதம் தொடும் ஒதுக்கீடுகளை மட்டும் திருத்த முடிவது இந்த அமைப்பினால்தான்.

என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. ஓர் ஒதுக்கீட்டின் விளைவை கூகர் ஒற்றை எண்ணாக வைத்துக்கொள்வதில்லை. மதிப்பிடப்பட்டது, கீழிருந்து வந்து சேர்ந்தது, நேரில் கவனிக்கப்பட்டது, மேலே அறிவிக்கப்பட்டது என்று தனித்தனியாக, நம்பகத்தன்மை அளவோடு வைத்திருக்கிறது. ஊகமும் கண்டறிந்த உண்மையும் ஒரே நிறத்தில் திரையில் தெரிவது கட்டளைக் கூடத்தில் எவ்வளவு ஆபத்தானது என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த வடிவமைப்பின் அருமை புரியும். இன்றைய பளபளப்பான கட்டுப்பாட்டுத் திரைகள் பலவற்றில் இந்தக் கவனம் இல்லை.

அடுத்து வந்த டார்ப்பாவின் அல்ட்ராலாக் திட்டம், கூகரின் தாக்குப்பிடிக்கும் திறனைச் சோதித்தது. தகவல் உட்கட்டமைப்பில் 45 விழுக்காடு அழிந்தாலும், திறன் இழப்பு 20 விழுக்காட்டையும் செயல்வேக இழப்பு 30 விழுக்காட்டையும் தாண்டாமல், 180 நாள் போர்ச் சூழலுக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. கரும்பலகையின் நிலையைச் சேமித்து, விழுந்த முகவரை வேறொரு கணினியில் மீண்டும் எழுப்பும் வசதி இன்றைய மேகக்கணிமை வல்லுநர்களுக்கும் படிப்பினை தரக்கூடியது.

குறைகள் சிறியவை அல்ல. கற்பதற்குக் கடினம், நூற்றுக்கணக்கான முகவர்களில் பரவிக் கிடக்கும் ஒரு பிழையின் மூலத்தைத் தேடுவது பெரும்பாடு. அதைவிட முக்கியமாக, பணி, விரிவு, திரட்டல், ஒதுக்கீடு ஆகியவற்றை அடிப்படைப் பொருள்களாகக் கொண்ட இக்கட்டகத்தில், தளபதியின் ஒப்புதல் என்பது அப்படியொரு பொருளாக இல்லை. வேண்டுமென்றால் செருகியாக நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். டயரையும் டீசலையும் அனுப்பும்வரை இது பொறுத்துக்கொள்ளத்தக்கதே. 2003 இராக் போரில் அமெரிக்காவின் பேட்ரியட் வான்பாதுகாப்பு ஏவுகணை அமைப்பு, பிரிட்டனின் டொர்னாடோ விமானத்தையும் அமெரிக்கக் கடற்படையின் எஃப்/ஏ-18 விமானத்தையும் ஏவுகணைகள் என்று தவறாக வகைப்படுத்த, இரண்டும் வீழ்த்தப்பட்டு அவற்றில் இருந்த மூவர் உயிரிழந்ததை அறிந்தவர்கள், இதே கட்டமைப்பை ஆயுத முடிவுகளுக்கு நீட்டிக்கத் துணிய மாட்டார்கள்.

புதிதாக ஓர் அமைப்பைக் கட்ட முனைபவருக்கு கூகரைப் பரிந்துரைக்க மாட்டேன். ஜாவாவின் பழைய காலத்தில் உறைந்துபோன நிரல் அது. பலமுகவர் அமைப்புகளைப் படிக்கும் முதுகலை மாணவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அவர்கள் கரும்பலகையையும் ஒதுக்கீட்டு விளைவுகளையும் கையாளும் நிரல்களை முதலில் படிக்கட்டும். பாதுகாப்பு அடுக்குகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.