இன்வெர்ட்டர் மாட்ட ஆள் வந்தால் மோட்டார் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்

மலேசியாவில், ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு மாவு மில் வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம்தான் எங்களுக்கு அறுவடை. முறுக்கு மாவு, அதிரச மாவு என்று தோட்டத்திலிருந்தும் தாமான் குடியிருப்பிலிருந்தும் வாளியோடு வந்து வரிசையில் நிற்பார்கள். அந்த மூன்று வாரத்தில் பத்து நாளை இந்த முறை தொலைத்துவிட்டேன்.

மூடப்போன ஒரு மில்லிலிருந்து அரவை மெஷின் ஒன்றை மலிவாக வாங்கினேன். அதில் இருந்தது த்ரீ ஃபேஸ் மோட்டார், என் கடையிலோ சிங்கிள் ஃபேஸ் கரண்ட்தான். ஈப்போவிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். "இன்வெர்ட்டர் போட்டா ரெண்டு வேலையும் முடிஞ்சிடும் அக்கா. சிங்கிள் ஃபேஸ்லயே ஓடும், ஸ்பீடையும் குறைச்சுக்கலாம். கரண்டு பில் பாதியாயிடும்" என்றார். 950 வெள்ளி (ரிங்கிட்). வேகத்தைக் குறைக்க முடியும் என்றதில்தான் விழுந்தேன். வேகமாக அரைத்தால் மிளகாய் சூடேறி நிறம் மங்கிவிடும். அதற்காகப் புல்லி மாற்றி மாற்றிக் கை நொந்து போயிருந்தது.

அவர் சொன்ன முதல் இரண்டும் உண்மைதான். இது வீட்டில் பேட்டரியோடு வைக்கும் இன்வெர்ட்டர் இல்லை; வருகிற கரண்டை முதலில் டிசி (நேர் மின்னோட்டம்) ஆக்கி, பிறகு நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி, நமக்கு வேண்டிய ஹெர்ட்ஸில் த்ரீ ஃபேஸாகத் திருப்பித் தரும். மோட்டாரின் வேகம் அந்த ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டே போகும். என்னுடைய நாலு போல் (காந்த முனை) மோட்டார் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குக் கொஞ்சம் கீழே ஓடும், 30-க்கு இறக்கினால் 900-க்குக் கீழே. வோல்ட்டும் அதே அளவில் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் சூடாகும்.

பில் பாதியாகும் என்றதுதான் புளுகு. காற்றாடிக்கும் தண்ணீர் பம்புக்கும் அது பொருந்தும். அவற்றின் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் இழுக்கும் கரண்ட் ஏறக்குறைய பாதியாகிவிடும். மாவு மில் அப்படியில்லை. மெதுவாக ஓட்டினால் ஒரு கிலோ அரைக்க அதிக நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

மாட்டிய அன்று வெறுமனே ஓட்டிக் காட்டினார். பூனை நடப்பதுபோல் சத்தமே இல்லை. பணத்தை எண்ணிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் ஒரு படி அரிசியைக் கொட்டியதும் மோட்டார் உறுமியது, வேகம் இறங்கியது, நின்றது. போன் போட்டேன். வந்து ஏதேதோ பட்டனை அழுத்தி 'பூஸ்ட்' ஏற்றிவிட்டுப் போனார். ரெண்டாம் நாள் வார்னிஷ் கருகின நாற்றம். "மோட்டார் பழசுக்கா, நான் என்ன பண்றது?" என்று சொல்லி, காயில் கட்ட 450 வெள்ளி வாங்கிக்கொண்டார். கட்டி வந்த மோட்டாரும் அதே கதைதான், அரிசி விழுந்தால் நின்றது.

செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக (மின்சாரப் பொறுப்பாளராக) இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். இட்லி அரிசி அரைக்க வந்தவர் சத்தத்தைக் கேட்டதுமே, "என்னம்மா இது, இப்படி முக்குது?" என்றார். கரண்டை அணைத்துவிட்டு பத்து நிமிடம் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். அணைத்த பிறகும் இன்வெர்ட்டருக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்குமாம். அப்புறம்தான் மோட்டாரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். உள்ளே ஆறு போல்ட்டு. அதில் மூன்று போல்ட்டைப் பித்தளைத் தகடுகள் ஒரே வரிசையாகப் படுக்கவாட்டில் சேர்த்திருந்தன. அது ஸ்டார், மூன்று காயிலின் ஒரு முனையையும் ஒன்றாகச் சேர்க்கும் கட்டு. காயில்களை முக்கோணமாகக் கோத்தால் டெல்டா. மோட்டார் மேலிருந்த பெயர்த் தகட்டை என் முந்தானையால் துடைத்துக் காட்டினார்: டெல்டா 230 வோல்ட், 8.5 ஆம்ப், ஸ்டார் 400 வோல்ட், 4.9 ஆம்ப்.

சிங்கிள் ஃபேஸில் ஓடும் என் இன்வெர்ட்டர் தருவது 230 வோல்ட்தான். அதற்கு டெல்டாவில் கட்டியிருக்க வேண்டும். ஸ்டாரில் விட்டதால் காயிலுக்குப் போனது 133 வோல்ட், மோட்டாருக்கு மூன்றில் ஒரு பங்கு பலம்தான். வெறுமனே சுற்ற அது போதும், அரிசியை இழுக்கப் போதாது. இதைவிடக் கொடுமை, இன்வெர்ட்டரில் மோட்டார் ஆம்ப் என்ற இடத்தில் 8.5 என்று போட்டிருந்தார். 4.9-க்கு மேல் தாங்காத கட்டு அது. எரிகிறவரை இன்வெர்ட்டர் கண்ணை மூடிக்கொண்டு கரண்டைக் கொடுத்திருக்கிறது. எண்ணைப் பார்த்து எழுதத் தெரிந்தவருக்குப் பக்கத்தில் இருந்த டெல்டாவின் முக்கோணக் குறி கண்ணில் படவில்லை.

பெரியவர் தகடுகளைத் திருப்பி மூன்றாக நிமிர்த்தி, டெல்டாவாகப் போட்டார். கால் மணி நேர வேலை. காசு வாங்கவில்லை, மாவை மட்டும் எடுத்துக்கொண்டார். "25 ஹெர்ட்ஸுக்குக் கீழே ரொம்ப நேரம் ஓட்டாதேம்மா. மோட்டார் ஃபேனும் அதே தண்டுலதான் சுத்துது, காத்து பத்தாது" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஈப்போக்காரரிடம் 450 வெள்ளியைத் திருப்பிக் கேட்டேன், இல்லை என்றார். வியாபாரத்துக்கு வாங்கியது என்பதால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கும் போக வழியில்லை. உங்களிடம் யாராவது இன்வெர்ட்டர் மாட்ட வந்தால் சுருஹான்ஜாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்) கொடுத்த வயர்மேன் அல்லது சார்ஜ்மேன் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அரிசியைக் கொட்டி, நிற்காமல் அரைத்துக் காட்டிய பிறகு பணம் கொடுங்கள்.

போன வாரம் அவரிடமிருந்து வாட்சாப் வந்தது. புது மோட்டார் ஸ்டாக் வந்திருக்கிறதாம், எனக்கென்றால் விலை குறைத்துத் தருவாராம்.