மகஜரா, வீதியா, ஓட்டா?

உரிமை கேட்க எது சரியான வழி? மலேசியத் தமிழர்கள் இந்த மூன்றையும் பார்த்துவிட்டார்கள். ஊர்வலம் போனால் ஒன்றும் மாறாது என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். கோலாலம்பூரில் நடந்ததை வைத்துப் பார்த்தால் அதை என்னால் ஏற்க முடியவில்லை.

மகஜர் வழி ம.இ.கா.வுடையது, அதாவது மலேசிய இந்தியர் காங்கிரஸுடையது. ஆளுங்கூட்டணிக்குள் இருந்தபடியே கேட்டு வாங்குவது. தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒதுக்கீடு அப்படி வந்தது, மறுக்கவில்லை. ஆனால் கொடுப்பவர் மனம் வைத்தால்தான் கிடைக்கும். 2007 தீபாவளி நெருங்கும் நேரத்தில் ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிபட்டதை அந்த வழியால் தடுக்க முடியவில்லை.

அதே ஆண்டு நவம்பர் 25. ஜாலான் அம்பாங்கில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்தில் மனுக் கொடுக்க இந்து உரிமை அமைப்பான இண்ட்ராஃப் அழைத்தது. ஆயிரக்கணக்கில் திரண்டவர்கள் மேல் கண்ணீர்ப்புகையும் தண்ணீரும் பாய்ந்தன. அன்று விடியற்காலையில் பத்துமலைக் கோயில் வளாகத்திலேயே கண்ணீர்ப்புகை. அடுத்த மாதம் இண்ட்ராஃப் தலைவர்கள் ஐந்து பேர், விசாரணையின்றி அடைத்து வைக்க இடம் தந்த இசா சட்டத்தில் கமுந்திங் தடுப்பு முகாமுக்குப் போனார்கள். கேட்டது கிடைத்ததா என்றால், இல்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகத் ஆளுங்கூட்டணியின் தராசுச் சின்னத்துக்கே ஓட்டுப் போட்ட குடும்பங்கள் அன்றோடு மனம் மாறின. 2008 மார்ச் 8 தேர்தலில் அந்தக் கூட்டணி, தேசிய முன்னணி, மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. சுங்கை சிப்புட்டில் ம.இ.கா. தலைவர் சாமிவேலு தோற்றார். அந்த ஐவரில் ஒருவரான மனோகரன், தடுப்புக் காவலில் இருந்தபடியே கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். ஓட்டு மட்டும் இதைச் செய்திருக்குமா? அதற்கு முன்னும் தேர்தல்கள் நடந்தனதானே.

பெர்சே பேரணிகள் வேறு மாதிரி. தேர்தல் சுத்தமாக நடக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை, எல்லா இனத்தவரும் வந்தார்கள். 2011-இல் அம்பிகா சீனிவாசன் தலைமையில் நடந்தது என்னைப் பொறுத்தவரை முக்கியமானது. அதற்கு இரண்டு மாதம் கழித்து இசா நீக்கப்படும் என்று அன்றைய பிரதமர் நஜிப் அறிவித்தார். 2013 தேர்தலில் அழியா மை வந்தது. ஆட்சி மாற 2018 வரை ஆனது.

வீதியின் பலவீனமும் இங்கேதான் தெரிகிறது. இசா போன இடத்தில் சொஸ்மா என்ற புதிய பாதுகாப்புச் சட்டம் வந்தது. விசாரணைக்காக 28 நாள் வரை அடைத்து வைக்க அது இடம் கொடுத்தது. மாற்றம் கேட்டு ஓட்டுப் போட்டு நாம் கொண்டுவந்த ஆட்சியிலேயே, 2019 அக்டோபரில் 12 மலேசிய இந்தியர்கள் அதே சட்டத்தில் கைதானார்கள். குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டது 2020 பிப்ரவரியில்தான். அடுத்த தேர்தலில், கோலாலம்பூரில் நம்மவர்கள் கூடும் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், முதலில் சொஸ்மாவைப் பற்றிக் கேளுங்கள். மழுப்பினால் மறுபடியும் வீதிக்கு வருவோம் என்று நேராகவே சொல்லுங்கள்.