பவர் பிஐ: பூட்டு கெட்டி, மொத்தம்தான் காணாமல் போனது

"அண்ணே, நம்ம டிவிஷன் நூறு பர்சென்டா? மத்த மூணு டிவிஷன்லயும் யாரும் குலையே வெட்டலையா?"

மூன்றாவது டிவிஷன் கிராணி (ஆபீஸ் எழுத்தர்) காலையில் போன் போட்டு இப்படிக் கேட்டபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீஸில் வேலை, நாலு டிவிஷன். எக்ஸெலில் ஓடிக்கொண்டிருந்த அறுவடைக் கணக்கை பவர் பிஐக்கு (மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட் மென்பொருள்) மாற்றியது நான்தான்.

அவரவர் டிவிஷனை மட்டும் அவரவர் பார்க்கட்டும் என்று ரோ லெவல் செக்யூரிட்டி, அதாவது ஆளுக்கேற்ப டேபிள் வரிகளை மறைக்கும் பூட்டு, போட்டேன். இதில் குறையே சொல்ல முடியாது. ஒரு ரோல், டிவிஷன் டேபிளில் இமெயிலை யூசர்பிரின்சிபல்நேமோடு (பார்ப்பவரின் லாகின் பெயர்) ஒப்பிடும் ஒரே வரி, பப்ளிஷ் செய்த பிறகு ஆட்களை அந்த ரோலில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். ரிலேஷன்ஷிப் வழியாக அந்த ஃபில்டர் தானே குலைக் கணக்கு டேபிளுக்கும் இறங்கிவிடும்.

வம்பு மெஷரில், அதாவது ரிப்போர்ட்டுக்கு நாம் எழுதும் கணக்குச் சூத்திரத்தில், வந்தது. தோட்டத்து மொத்தத்தில் டிவிஷனின் பங்கு என்ன என்று காட்ட, மொத்தத்துக்கு கால்குலேட் (CALCULATE), ஆல் (ALL) என்ற ஃபங்ஷன்களைப் போட்டு எழுதியிருந்தேன். ஸ்லைசரில் (ரிப்போர்ட்டில் தட்டித் தேர்ந்தெடுக்கும் பெட்டி) யார் எதைத் தட்டினாலும் ஆல் அதைக் கழற்றிவிட்டு முழுத் தோட்டத்தையும் கூட்டிவிடும். ஆனால் செக்யூரிட்டி ஃபில்டரை ஆலும் கழற்றாது, அதே வேலை செய்யும் ரிமூவ்ஃபில்டர்ஸும் கழற்றாது. அந்த ஆளுக்கு மற்ற டிவிஷன் வரிகள் டேபிளிலேயே கிடையாது என்றுதான் கணக்கு. மேலே 420 டன், கீழேயும் 420 டன், வகுத்தால் நூறு. ரேங்க்எக்ஸ் போட்ட தரவரிசையில் இன்னும் கூத்து: நாலு டிவிஷனும் முதலிடம்!

எனக்கு மட்டும் எல்லாம் சரியாகத் தெரிந்ததற்குக் காரணம், வொர்க்ஸ்பேஸில் (ரிப்போர்ட்டைப் பகிர்ந்து வைக்கும் இடம்) நான் அட்மின். அட்மின், மெம்பர், கான்ட்ரிபியூட்டர் யாருக்கும் இந்தப் பூட்டு பொருந்தாது, பார்க்க மட்டும் உரிமையுள்ள வியூவருக்குத்தான். வேறொருவர் கண்ணில் எப்படித் தெரியும் என்று காட்டும் 'வியூ அஸ்' பட்டனை ஒரு தடவை அழுத்திப் பார்த்திருந்தால் அந்த போனே வந்திருக்காது. சோம்பல், வேறென்ன. (வசதிக்காக யாரையாவது மெம்பராகப் போட்டு வைத்திருந்தால் இப்போதே மாற்றுங்கள், அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.)

சரி, எப்படிச் சமாளித்தேன்? மாதவாரியாகத் தோட்டத்து மொத்த டன் மட்டும் இருக்கும் ஒரு கால்குலேட்டட் டேபிள். அது ரிஃப்ரெஷ் நேரத்திலேயே கணக்கிடப்பட்டுவிடும், அப்போது யார் பார்க்கிறார் என்ற கேள்வியே எழாது. அதைத் தேதி டேபிளோடு இணைத்தேன், டிவிஷன் டேபிளோடு இணைக்கவில்லை. இணைத்தால் பூட்டு அங்கேயும் போய் விழும். இப்போது மூன்றாவது டிவிஷனுக்கு 25 சதவீதம் என்று ஒழுங்காகக் காட்டுகிறது. மாதத்தை மாற்றினால் மொத்தமும் மாறும், ஆனால் மண்டோர் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) பெயரைத் தட்டினால் மாறாது, அந்த விவரம் அந்த டேபிளில் இல்லையே.

ஒரு எச்சரிக்கை. உங்கள் தோட்டத்தில் இரண்டே டிவிஷன் என்றால் இந்த வழி வேண்டாம். மொத்தத்தைக் காட்டிவிட்டால் தன்னுடையதைக் கழித்து அடுத்தவன் கணக்கை யாரும் போட்டுவிடுவான், பிறகு பூட்டு எதற்கு?

என் மதிப்பெண் 5க்கு 4. ஒன்றைக் குறைத்தது ஏனென்றால், நூறு சதவீதம் என்று காட்டும்போது ஓர் எச்சரிக்கைக் குறிகூட வராது. மூன்றாவது டிவிஷன் கிராணிக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம், அந்த நூறு அவருக்குப் பிடித்திருந்ததாம்.