கொடியில் துணி உலர்த்தும் அளவுக்கு: மதுரையில் ஓர் இயன்முறை மருத்துவ நிலையம்

இடது மார்பகத்தையும் அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் அகற்றிய பிறகு, "அந்தக் கையால் எதையும் தூக்காதீர்கள், ஓய்வாக இருங்கள்" என்ற ஒற்றை அறிவுரையோடு என்னை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நான்கு மாதம் அதை வேதவாக்காகக் கொண்டதில் தோள்பட்டை இறுகி, கொடியில் ஒரு துண்டைக்கூடப் போட முடியாமல் போயிற்று; வளையலும் கையில் பதியத் தொடங்கியது. என்னோடு கீமோ எடுத்துக்கொண்ட அக்கா ஒருவர் சொல்லித்தான், புற்றுநோயாளிகளுக்கென்று தனி நேரம் ஒதுக்கியிருக்கும் இந்த நிலையத்துக்குச் சென்றேன். இப்போது ஆறு மாதம் ஆகிறது.

முதல் நாள் பயிற்சி எதுவும் தரவில்லை. எலும்புக்கு நோய் பரவியிருக்கிறதா, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கின்றனவா என்று தெரியாமல் எடை தூக்கச் சொல்வது ஆபத்து என்பதால், இயன்முறை மருத்துவர் என் அறிக்கைகளையெல்லாம் பொறுமையாகப் படித்தார். பிறகு இரண்டு கைகளையும் மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி இடைவெளி விட்டு டேப்பால் அளந்தார். முழங்கைக்கு மேலே இடது கை 2.5 செ.மீ. பருத்திருந்தது. முடிச்சுகளை அகற்றியபின் நிணநீர் சரியாக வடியாமல் தேங்கிக் கை பருப்பதற்கு நிணநீர் வீக்கம் என்று பெயர்; அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

சுவரைப் பார்த்து நின்று, விரல்களைச் சிறிது சிறிதாக மேலே நகர்த்தி, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவதுதான் தொடக்கப் பயிற்சி. ஒன்பதாவது வாரம் என் கோடு முதல் கோட்டுக்கு ஒரு சாண் மேலே இருந்தது. அந்தச் சுவரைப் படமெடுத்து வைத்திருக்கிறேன்.

அரைக் கிலோ டம்பெல்லைக் கையில் கொடுத்தபோது பயந்துவிட்டேன். நிணநீர் வீக்கம் உள்ள 141 பெண்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் இருமுறை படிப்படியாக எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை என்பதை அவர்தான் விளக்கினார். பயன் கையோடு நிற்பதில்லை என்பதற்கு, 889 பெருங்குடல் புற்றுநோயாளிகளைக் கொண்டு 2025இல் வெளியான ஆய்வையும் சொன்னார்: கீமோ முடிந்தபின் மூன்றாண்டு வழிகாட்டுதலோடு உடற்பயிற்சி செய்தவர்களில், ஐந்தாண்டு முடிவில் நோய் திரும்பாமல் வாழ்ந்தோர் ஏறத்தாழ 80 விழுக்காடு, கையேடு மட்டும் பெற்றவர்களில் 74. எனக்கு வாரம் மூன்று நாள் அரை மணி நேர நடையும், இரண்டு நாள் எடைப் பயிற்சியும் விதித்திருக்கிறார். கை அளவு வேறுபாடு இப்போது 1 செ.மீ.தான்.

குறைகளும் உண்டு. கீமோவின் களைப்போடு வருகிறவர்களுக்கான இடம் லிப்ட் இல்லாத இரண்டாம் மாடியில் இருப்பது சிறிதும் சரியில்லை. மறைப்புக்கு ஒரு திரைச்சீலை மட்டுமே இருப்பதால், மேலாடை தளர்த்தி நிணநீர் வடிய நீவிவிடும்போது மனம் கூசுகிறது. கைக்கான அழுத்த உறையை வெளியே தேடித்தான் வாங்க வேண்டியிருந்தது. ஒரு முறைக்கு 500 ரூபாய் கட்டணம் நியாயமானதே என்றாலும், என் காப்பீட்டில் அதில் ஒரு ரூபாய்கூடத் திரும்பக் கிடைக்கவில்லை.

போகிறவர்கள் முன்பக்கம் திறக்கும் ரவிக்கை அணிந்து, கடைசி ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருப்பவர் என்றால் இப்போதே ஒருமுறை போய்க் கைகளை அளந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வீக்கம் வருவதற்கு முன் என் கை எவ்வளவு இருந்தது என்பதற்கு எங்கும் பதிவே இல்லை.