மூட்டு தேய்ந்த லேப்ரடாருக்கு மீன் எண்ணெய்: மாதக்கணக்கில் கொடுத்தால் தெரிவது

மூட்டுக்கென்று கடையில் விற்கும் டப்பாக்களில் பெரும்பாலும் குளுக்கோசமைனும் காண்ட்ராய்ட்டினும்தான். காசு கரைவதும் அங்கேதான். நாய், பூனை மூட்டுத் தேய்மானம் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2022-ல் வந்த ஒரு மதிப்பாய்வு, மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு வலியைக் குறைக்கிறது, கொலாஜனுக்குப் பலன் சொற்பம், குளுக்கோசமைன்-காண்ட்ராய்ட்டின் ஜோடியை இனி பரிந்துரைக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஒன்றுக்குத்தான் பட்ஜெட் என்றால் அது மீன் எண்ணெய்தான்.

ஆனால் அதைக் கொடுப்பவர்களில் பாதிப் பேர் அளவில் கோட்டை விடுகிறார்கள். லேபிளில் பெரிதாகப் போட்டிருக்கும் 1000 மி.கி. என்பது எண்ணெயின் எடை, நமக்கு வேண்டியது அதிலுள்ள இபிஏ, டிஹெச்ஏ என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்புகளின் கூட்டுத்தொகை. சாதாரண கேப்ஸ்யூலில் அது 180-ம் 120-ம் சேர்ந்து 300 மி.கி.தான். மூட்டுவாதத்துக்குச் சொல்லப்படும் அளவைக் கணக்கிட, நாயின் எடையை (கிலோவில்) மூன்று முறை போட்டு ஒன்றோடொன்று பெருக்கி (30 × 30 × 30 என்பதுபோல), போன் கால்குலேட்டரில் இரண்டு தடவை வர்க்கமூலம் எடுத்து, 310-ஆல் பெருக்க வேண்டும். 30 கிலோ லேப்ரடாருக்கு 27,000, பிறகு 164, பிறகு 12.8, கடைசியில் சுமார் 3,970 மி.கி. அதாவது சாதாரண கேப்ஸ்யூல் 13! தினம் ஒன்று போட்டுவிட்டு 'ஒன்றும் தெரியலையே' என்றால் எப்படித் தெரியும்?

இது மேல்வரம்பை ஒட்டிய அளவு. டாக்டர்கள் பலர் இதற்குக் கீழேயே நிறுத்துவார்கள். உங்கள் நாய்க்கு எது என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த இலக்காக இருந்தாலும் முதல் வாரம் கால் பங்கு, பிறகு வாரம் ஒரு கால் பங்கு கூட்டினால் போதும். மலம் இளகினால் ஒரு படி இறங்கி, பத்து நாள் கழித்து ஏறலாம். 13 கேப்ஸ்யூல் என்பது 13 கிராம் கொழுப்பு, சுமார் 117 கலோரி, ஏறக்குறைய இரண்டு இட்லி. அதைச் சாப்பாட்டில் கழிக்காவிட்டால் எடை ஏறி, மூட்டுக்குக் கொடுத்ததே மூட்டுக்கு எதிரியாகும். கேப்ஸ்யூலுக்கு 500 மி.கி.க்கு மேல் இபிஏ-டிஹெச்ஏ உள்ள அடர் வகை விலை கூடினாலும், எண்ணிக்கையும் கொழுப்பும் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

காட்லிவர் எண்ணெயை இந்த அளவில் கொடுக்கவே கூடாது. வைட்டமின் ஏ-யும் டி-யும் உடம்பில் சேர்ந்து நஞ்சாகும். ஆளி விதை எண்ணெயும் பதிலாகாது. அதிலுள்ள ஒமேகா-3 வகையை இபிஏ-வாக மாற்றும் திறன் நாய்க்கு மிகக் குறைவு. மனிதர்களுக்கான கம்மி (மிட்டாய் போன்றவை), சுவையூட்டிய சிரப் வேண்டாம். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் நாயின் உயிருக்கே ஆபத்து.

நம்மூர் வெயிலில் இன்னொரு சிக்கல், எண்ணெய் காறிப்போவது. அடுப்புப் பக்கத்து அலமாரியில் வைத்த பெரிய பம்ப் பாட்டில் முடியும்போது பெயின்ட் வாடை அடிக்கும். நாய் தட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். இரண்டு மாதத்தில் தீரும் சிறிய பாட்டிலாக வாங்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள். கேப்ஸ்யூல் என்றாலும் ஒன்றை ஊசியால் குத்தி முகர்ந்து பாருங்கள். கொதிக்கும் கோழிச் சோற்றில் ஊற்றாமல் ஆறிய பிறகு கலக்க வேண்டும்.

இரண்டாவதாக ஒன்று சேர்ப்பதானால் யூசி-2 கொலாஜன், அதாவது இயல்பு சிதையாமல் எடுத்த இரண்டாம் வகைக் கொலாஜன். நாயின் எடை எதுவானாலும் தினம் 40 மி.கி. சூடு பட்டால் வீணாகும் என்பதால் குளிர்ந்த தயிரில் வைத்துக் கொடுக்கலாம். சாதாரண கொலாஜன் பொடியும் எலும்பு சூப்பும் இதற்கு ஈடல்ல. மஞ்சள்? உடம்பில் ஏறுவது சொற்பம். தரையில் கறை மட்டும் நிச்சயம்.

முதல் சில வாரங்களில் தெரிந்தால் ரோமப் பளபளப்பு மட்டுமே. நடையில் மாற்றம் ஆறாம் வாரத்துக்கு மேல்தான். பெரும்பாலும் முதலில் தெரிவது தூங்கி எழும் விதத்தில். கண்ணை நம்ப வேண்டாம். 2012-ல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், வெறும் போலி மாத்திரை பெற்ற நாய்களுக்கே 'நொண்டல் குறைந்துவிட்டது' என்று சொந்தக்காரர்கள் மட்டுமல்ல, மருத்துவர்களும் பரவலாகச் சொன்னார்கள். கால் அழுத்தத்தை அளக்கும் தட்டு அப்படிக் காட்டவில்லை. அதனால் வாரம் ஒரு வீடியோ: காலையில் எழும்போது, அதே இடத்தில், அதே பாயில். படுத்த நிலையிலிருந்து நான்கு காலும் ஊன்ற எத்தனை விநாடி, எந்தக் காலை வைக்கும்போது தலை மேலே தூக்குகிறது என்று குறித்து வையுங்கள். ஐப்பசி மழையில் எடுத்ததைப் பங்குனி வெயிலில் எடுத்ததோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். முழு அளவில் மூன்று மாதம் கொடுத்தும் வித்தியாசம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம்.

நாய் குண்டாக இருந்தால் எந்த டப்பாவும் எடைக்குறைப்புக்கு இணையாகாது. குண்டு நாய்களை வைத்து 2010-ல் வெளியான ஆய்வில், உடல் எடையில் 6 சதவீதம் இறங்கியதிலேயே நொண்டல் குறைந்தது. 34 கிலோ லேப்ரடாருக்கு அது இரண்டே கிலோ! தாத்தா தட்டிலிருந்து நழுவும் மோர் சாதத்தை நிறுத்தினாலே பாதி வந்துவிடும். அப்படியே வழுக்கும் டைல்ஸ் தரையில் அது நடக்கும் வழியெங்கும் ரப்பர் பாய் போட்டுவிடுங்கள்.

காலையே ஊன்றாத நாய்க்கு மீன் எண்ணெய் முதலுதவி அல்ல. வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து பாராசிட்டமால், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் கொடுத்துவிடாதீர்கள். வயிற்றில் புண், சிறுநீரகம் அல்லது ஈரல் செயலிழப்பு என்று போகும். கார்ப்ரோஃபென், மெலாக்ஸிகாம் போன்ற வலி மருந்துகளை டாக்டர் எழுதியிருந்தால் அதை நீங்களாகக் குறைக்காமல், வீடியோவைக் காட்டி அவரையே குறைக்கச் சொல்லுங்கள். கணைய அழற்சி வந்த நாய் என்றால் எண்ணெயைத் தொடங்கும் முன்பே கேட்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்தால், தினமும் எத்தனை மி.கி. போகிறது என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ரத்தம் உறைவதை இது சற்றுத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால் எப்போது நிறுத்துவது என்பதை அவர் சொல்வார்.