வீட்டுத் தோட்டத்தில் தர்பூசணி: ஐந்து பருவம் வளர்த்த அனுபவம்

ஐந்து பருவங்களாக வீட்டுத் தோட்டத்தில் தர்பூசணி வளர்த்து வருகிறேன். முதல் பருவத்தில் கொடி வேலி வரை ஓடியது. பழம் கிடைத்ததோ ஒன்றே ஒன்று. அதையும் அவசரப்பட்டுப் பறித்து, வெட்டிப் பார்த்தபோது உள்ளே வெளுத்துக் கிடந்தது. போன பருவத்தில் மூன்று கொடிகளில் ஆறு பழங்கள், ஆறும் நல்ல சிவப்பு. தோட்டம் அதேதான், விதையும் அதே ரகம்தான். காலையில் பூக்களைக் கவனிக்கவும், கடைசி நாட்களில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவும் இடையில் கற்றுக்கொண்டேன்.

விதைப்பதில் பெரிய சிரமம் இல்லை. நாள் முழுக்க வெயில் விழும் இடமும், தண்ணீர் தேங்காத மண்ணும், மண்ணில் நல்ல சூடும் இருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் முளைத்துவிடும். நாற்றாக வளர்த்துப் பிடுங்கி நட்டால் வேர் அறுபட்டுச் செடி சுணங்கிவிடுகிறது. ஆகவே 2 சென்டிமீட்டர் ஆழத்தில் நேரடியாகவே ஊன்றுகிறேன். உரத்தில்தான் ஒருமுறை ஏமாந்தேன். இரண்டாம் பருவத்தில் தொழுவுரத்தை வாரி வாரிப் போட்டேன். இலைகள் கரும்பச்சையாய்ச் செழித்தன, கொடி தினமும் நீண்டது, பெண் பூ மட்டும் வரவே இல்லை. தழைச்சத்து மிகுந்தால் செடி தழைப்பதிலேயே நின்றுவிடும். இப்போது குழியில் மட்கிய உரத்தை ஒருமுறை கலப்பதோடு சரி.

பூ விஷயத்துக்கு வருகிறேன். காய் பிடிப்பதும் பிடிக்காததும் இங்கேதான் முடிவாகிறது. கொடியில் முதலில் வருபவை எல்லாம் ஆண் பூக்கள். அவை வரிசையாக உதிர்வதைப் பார்த்துப் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள், தேவையே இல்லை. சில நாட்கள் கழித்துத்தான் பெண் பூ வரும். இதழுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில், மெல்லிய பூனைமயிர் போர்த்திய பிஞ்சு இருக்கும். உற்றுப் பார்த்தால் பெரிய பழத்தில் காணும் வரிகள் அந்தப் பிஞ்சிலேயே மங்கலாகத் தெரியும். முதன்முறை அதைப் பார்த்த காலையில் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பெண் பூ விடிந்ததும் விரியும், மதியத்துக்குள் வாடிவிடும். அதற்கு வாய்த்தது அந்த ஒரே காலைப் பொழுதுதான். தேனீக்கள் நிறைய வந்தால் நமக்கு வேலை இல்லை. என் தோட்டத்துக்கு அவ்வளவாக வருவதில்லை என்பதால், அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுகிறேன். அந்த நடுப்பகுதியில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி மூன்று மடலாக இருக்கும். மூன்றிலும் படிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாகப் பருக்கும். மகரந்தம் சேர்ந்த பிஞ்சு சில நாளிலேயே பருத்துத் தலை கவிழும். சேராதது மஞ்சளாகிச் சுருங்கிவிடும். விதையில்லாத ரகம் போட நினைப்பவர்கள், பக்கத்தில் விதையுள்ள ரகம் ஒன்றையும் வளர்க்க வேண்டும். விதையில்லா ரகத்தின் மகரந்தத்தால் காய் பிடிக்காது.

காய் பிடித்தது உறுதியானதும் காம்பில் தளர்வாக ஒரு வண்ண நூல் கட்டி, தேதியைக் குறித்துவைக்கிறேன். ஒரு கொடிக்கு இரண்டு காய் போதும். மற்றவற்றைக் கிள்ளிவிடுவது மனதுக்குக் கஷ்டம்தான், ஆனாலும் செய்யத்தான் வேண்டும்.

தண்ணீரைப் பொறுத்தவரை அளவை விட ஒழுங்கு முக்கியம். மூன்றாம் பருவத்தில் ஒரு வாரம் வெளியூர் போய்விட்டுத் திரும்பினேன். வெடித்துக் கிடந்த மண்ணைப் பார்த்துப் பதறி, வயிறு முட்டத் தண்ணீர் விட்டேன். மறுநாள் காலை, பறிக்க ஒரு வாரமே இருந்த பழம் காம்பிலிருந்து அடி வரை பிளந்து, எறும்பு மொய்த்துக் கிடந்தது. தண்ணீர் விட்டுவிட்டுப் பாய்ந்தால் வேறொரு தொல்லையும் உண்டு. மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும் அது காய்க்குப் போய்ச் சேராமல், பூ இருந்த முனை கறுத்து அழுகும். வேரைச் சுற்றிச் சருகு மூடாக்குப் போட்ட பிறகு இரண்டுமே வரவில்லை. பறிப்பதற்கு முந்தைய ஒரு வாரம் தண்ணீரைக் குறைத்தால் இனிப்பு கூடுகிறது.

பூச்சிகளில், இளம் இலைகளைச் சல்லடையாக்கும் சிவப்பு வண்டுதான் முதல் எதிரி. வெயில் ஏறும் முன் மந்தமாக இருக்கும்போது கையால் பிடித்துவிடலாம். பழ ஈக்குப் பிஞ்சிலேயே துணிப் பை கட்டிவிடுகிறேன். அடுத்தடுத்த பருவங்களில் ஒரே இடத்தில் விதைப்பதில்லை.

பறிக்கும் நாளைச் சொல்வதுதான் கடினம். தட்டிப் பார்த்துச் சொல்லலாம் என்பார்கள்; ஐந்து பருவம் தட்டியும் அந்த ஓசையை நம்பி ஒரு பழத்தைக்கூடப் பறிக்க எனக்குத் துணிவு வரவில்லை. நான் பார்ப்பது மூன்றை. காம்புக்கு அருகிலுள்ள பற்றுச்சுருள், அதாவது கொடி பற்றிப் படர உதவும் சுருள் இழை, பழுப்பாகிக் காய்ந்திருக்க வேண்டும். தரையில் படிந்த அடிப்பக்கம் வெள்ளையிலிருந்து வெண்ணெய் மஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும். தோலின் மினுமினுப்பு மங்கியிருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்த பிறகே கத்தரிக்கோலை எடுக்கிறேன். பறித்த பின் தர்பூசணியில் இனிப்பு ஏறாது. அவசரத்துக்கு மருந்தே இல்லை. என் சிறுபழ ரகத்துக்கு, நூல் கட்டியதிலிருந்து 35 நாள் வரை ஆகிறது. பெரிய ரகங்களுக்கு இன்னும் கூடும்.

இடம் குறைவாக இருப்பவர்கள் சிறுபழ ரகத்தையே எடுங்கள். பந்தலில் ஏற்றி, காய்க்குப் பழைய துணியால் தொட்டில் கட்டினால் தாங்கிக்கொள்ளும். ஒரு கொடி மூன்று மாதம் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் வையுங்கள். காலையில் தோட்டத்துக்குப் போக நேரமில்லாதவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது கொடிகளில் நான்கு நூல்கள் கட்டியிருக்கிறேன். மூத்த காய்க்கு இன்று 29-ஆம் நாள். பற்றுச்சுருளின் நுனி மட்டும் காயத் தொடங்கியிருக்கிறது.